குறைந்த பொருட்செலவில் ஸ்டீரியோ

கையிலுள்ளது 15,000 ரூபாய். அதற்குள் செவிக்கினிய ஸ்டீரியோ அமைப்பு ஒன்றைத் தம் அறையில் நிறுவிக்கொள்ளல் கூடுமோ என்பது மாணவர் பலர் உள்ளத்தில் எழும் வினா. கூடும் என்பதே எமது விடை. ஆயின் கடைக்காரர் காட்டும் வழியே சென்றால் கூடாது. எப்பொருளுக்கு எத்துணைச் செலவிடல் வேண்டும், எதனைப் பழையதாக வாங்கலாம், எதனை வாங்கவே வேண்டுவதில்லை என்பனவற்றை முன்னரே தெளிந்துகொண்டு புறப்படுவோரே பயனடைவர். அத்தெளிவுக்குச் சிறிது பௌதிக சாஸ்திரமும் சிறிது உலகியலும் வேண்டும். அவ்விரண்டையும் இயன்றவரை எளிய நடையில் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஸ்டீரியோ என்பது கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. திண்மை என்பது அதன் பொருள். ஓசைக்குத் திண்மை ஏது என்று வினவலாம். நம் இரு செவிகளுக்கும் இடையே தலை நிற்கின்றது. இடப்புறத்தே எழும் ஓசை இடச்செவியை முன்னரும் வலச்செவியைப் பின்னரும் சேர்கின்றது. அக்கால வேற்றுமை, ஒரு விநாடியை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுள் ஒன்றினும் சிறியது, ஏறக்குறைய 0.7 கூறே அதன் பேரெல்லை. சேய்மைச் செவியில் ஓசை சற்றுத் தணிந்தும் விழும். இவ்விரண்டு குறிப்புக்களைக் கொண்டே, கண்ணை மூடியிருப்பினும், அழைத்தவர் எத்திசையில் நிற்கின்றார் என்பதை நாம் அறிகின்றோம்.

இதனை ஒலிப்பதிவிற் கொணர வழி கண்டவர் ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலார். பேசும் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் நடிகர் இங்குமங்கும் இயங்க, அவர் குரல் மட்டும் ஓரிடத்தினின்றே வருதல் அவர்க்குப் பொருந்தாததாய்த் தோன்றியதாம். 1931-ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கான உரிமைப் பத்திரத்துக்கு அவர் விண்ணப்பஞ் செய்தார். 1934-இல் லண்டன் ஆபி ரோடு நிலையத்தில் இசைக்குழுவொன்றை இம்முறையிற் பதிவுஞ் செய்தார். ராடார்க் கருவியொன்றைச் சோதிக்கச் சென்ற விமானம் வீழ்ந்து 1942-இல் தம் முப்பத்தெட்டாம் வயதில் அவர் மாண்டார். அவர் வகுத்த முறையையொட்டிய ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் கடைகளுக்கு வந்தது 1958-ஐ அடுத்தே. ஆதலின் அரியக்குடி, ஜி. என். பி. முதலிய வித்துவான்களின் பழம்பதிவுகள் பெரும்பாலும் ஒற்றை ஒலித்தடத்தனவாகவே உள்ளன. அவற்றுக்கு ஸ்டீரியோ வீணோ எனில், அன்று. செவ்விதின் அமைந்த இரண்டு ஸ்பீக்கர்களின் வாயிலாக அப்பதிவைக் கேட்டால், பாட்டு இரண்டினின்றும் வாராது, நடுவே வெற்றிடத்தினின்றும் வருவதுபோற் கேட்கும். அங்ஙனம் நடுவிற் குவியாது பரந்து கேட்குமாயின் அமைப்பிற் பிழையுண்டு என அறியலாம். காசு செலவில்லாத சோதனை இதுவே.

இதனால் இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, ஸ்பீக்கர் இரண்டும் ஒரே வார்ப்பினவாய் இருத்தல் வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கிய சோடி உதவாது. மற்றொன்று, ஓரடி நீளப் பெட்டிக்குள் இரண்டையும் அடக்கி விற்கும் கருவிகளில், பெட்டியின்மேல் ஸ்டீரியோ என்று பொன்னெழுத்திற் பொறித்திருப்பினும், எதிர்ச்சுவர் மட்டும் விரிந்து கிடக்கும் இசைக் காட்சி தோன்றுதல் அரிது.

இனிப் பொருளைப் பகிரும் முறையைக் கூறுவோம். பத்துக் கூறில் ஆறு கூற்றை ஸ்பீக்கர்களுக்கும், இரண்டைப் பெருக்கியாகிய ஆம்பிளிபையருக்கும், ஒன்றைப் பாட்டைத் தரும் கருவிக்கும், எஞ்சிய ஒன்றைக் கம்பி, தாங்கி, அறைச் சீரமைப்பு ஆகியவற்றுக்கும் ஒதுக்குக. ஸ்பீக்கருக்கு ஏன் இத்துணைப் பங்கு? இவ்வமைப்பு முழுவதிலும் உடலாற் பாடுபடும் உறுப்பு அதுவொன்றே. ஏனையவை மின்சாரத்தை மின்சாரமாகவே கையாள்கின்றன. இக்காலத்துச் சிறு ஆம்பிளிபையரும் அளவோடு இயங்குங்கால் நூற்றில் ஒரு பங்கின் சிறு பின்னமே பிழை செய்யும். ஸ்பீக்கரோ, மின்சாரத்தைக் காந்தத்தினிடையே தொங்கும் கம்பிச் சுருளின் அசைவாக்கி, அவ்வசைவால் காகிதக் கூம்பைத் தள்ளி, கூம்பினாற் காற்றை அலைத்தல் வேண்டும். ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கர் இருவர் 1925-இல் விளக்கிய இம்முறையே பெரும்பாலும் இன்றும் நிலவுகின்றது. தாழ்ந்த சுரங்களில் நல்ல ஸ்பீக்கரும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பிழை செய்தல் இயல்பு. மலிவானது பன்மடங்கு செய்யும். ஆகவே நம் செவி நுகர்வதன் குணமும் குற்றமும் பெரும்பாலும் ஸ்பீக்கரைச் சார்ந்தனவே.

பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் ஆழ்ந்த நாதம் வேண்டுவோர் அலமாரி போன்ற பெட்டிகளை வீட்டிற் சுமந்தனர். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்பார் காற்றுப் புகாது அடைத்த சிறுபெட்டியுட் கூம்பை வைத்து, உள்ளடைந்த காற்றையே வில்லாகக் கொண்டு அதனை இயங்கச் செய்தார். சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த நாதம் பிறந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் தீல் என்பாரும் ஸ்மால் என்பாரும் இக்கணக்கை விரித்து வகுத்தனர். ஆயினும் இயற்கை தன் விலையைப் பெறாமல் விடுவதில்லை. பெட்டி சிறிதாதல், நாதம் ஆழ்ந்திருத்தல், குறைந்த மின்சாரத்தில் உரக்க ஒலித்தல் ஆகிய மூன்றில் இரண்டையே பெறலாம். மூன்றும் உண்டென்று விளம்பரஞ் செய்யும் பெட்டியை வணங்கிவிட்டு அப்பாற் செல்க. மாணவர்க்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூபரும் ஒரு டுவீட்டரும் உடைய, புத்தக அலமாரியில் வைக்கத்தக்க அளவின பெட்டிகளே ஏற்றவை. விரல் முட்டியாற் பக்கப் பலகையைத் தட்டுக. பழுத்த பலாவைப்போல் ‘தொப்’பென்று ஒலித்தால் நன்று, வெற்றுத் தகரம்போல் அதிர்ந்தால், பாட்டோடு பெட்டியும் பாடத் தொடங்கும்.

அடுத்து, மாணவர் பொருள் பெரிதும் பறிபோகும் இடமாகிய வாட் கணக்கிற்கு வருவோம். இதனைச் சற்று விரித்தே கூறுதல் வேண்டும். சில பெட்டிகளின்மேல் ‘பி. எம். பி. ஓ.’ என்ற எழுத்துக்களோடு ஆயிரக்கணக்கில் வாட் குறித்திருக்கும். ஓர் இமைப்பொழுதும் நிலையாத உச்சத்தைத் தம் விருப்பம்போற் பெருக்கி எழுதும் எண் அது. அக்கருவியின் பின்புறத்தே, அது வீட்டு மின்சாரத்தினின்றும் கொள்ளும் வாட் அளவும் எழுதியிருக்கும். 40 வாட் கொள்வது 4,000 வாட் கொடுத்தல் எங்ஙனம் என்று பௌதிகம் பயிலும் மாணவர் கேட்க வேண்டாவோ? இவ்வெண்ணை நம்பி, தவணைக்கடன் பட்டு வாங்கி, பருவத்தேர்வுக் கட்டணம் நெருங்கும்போது வாங்கிய விலையிற் காற்பங்கிற்கு விற்போரை யாம் கண்டுள்ளோம். இழந்தது இசையன்று, ஒரு பருவத்தின் உணவுச் செலவு.

வேண்டும் அளவு யாது என்பதை மாணவர் தாமே கணக்கிடலாம். ஸ்பீக்கரின் குறிப்பேட்டில் அதன் உணர்திறன் தரப்பட்டிருக்கும். 86 டெசிபல் எனில், ஒரு வாட் ஊட்டினால் ஒரு மீட்டர் தூரத்தில் அத்துணை ஒலி எழும் என்பது கருத்து. நாம் இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்தால் 8 டெசிபல் குறையும், ஸ்பீக்கர் இரண்டாதலின் 3 கூடும், எஞ்சுவது 81. சுவர்கள் திருப்பித் தருவது இதன்மேல் இலாபம். வாட் இருமடங்கானால் 3 டெசிபலே கூடும். பத்து மடங்கானால் 10 கூடும். ஆகவே 10 வாட்டில் 91-உம், 20 வாட்டில் 94-உம் கிடைக்கும். அறையில் நாம் அமைதியாகக் கேட்பது சராசரி 70 முதல் 75 வரையே. தனியாவர்த்தனத்தின் உச்சத்திற்கு அதன்மேற் 15 வேண்டுமென்று கொள்ளினும் 90-க்குள் அடங்கும். எனவே மெய்யான 20 அல்லது 30 வாட் மாணவர் அறைக்குச் சாலும். 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் விலை வேறுபாடு பெரிது. செவி வேறுபாடு சிறிது. ஸ்பீக்கர் 4 ஓம் தடையுடையதாயின், ஆம்பிளிபையர் அதனைத் தாங்குமென்று குறித்திருத்தல் மட்டும் பார்க்கத்தக்கது.

இக்காலத்தில் ‘டி’ வகுப்பு என வழங்கும் ஆம்பிளிபையர்கள் உள்ளங்கை அளவிலேயே வருகின்றன. மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை திறந்தும் மூடியும் இயங்குவதால் அவை சூட்டில் வீணாக்குவது சிறிது. மடிக்கணினிக்கு உள்ளதுபோன்ற புறத்தடாப்டரில் இயங்குதலின், 230 வோல்ட் மின்சாரம் பெட்டிக்குள் வருவதில்லை என்பதும் விடுதி மாணவர்க்கு ஒரு காவல்.

பழைய பொருள் வாங்கல் இழிவன்று. மாணவர்க்கு அதுவே பெருவழி. நன்கு செய்த ஸ்பீக்கர் இருபதாண்டு கழிந்தும் புதிய மலிவுப் பொருளை வென்று நிற்கும். கொல்கத்தாவில் 1970 முதல் ஸ்டீரியோ செய்துவரும் சோனோடைன் போன்ற நம் நாட்டுப் பெயர்களும் பழம்பொருட் சந்தையிற் கிட்டும். பார்க்க வேண்டியன சில. கூம்பைச் சுற்றிய விளிம்பு ரப்பராயின் நெடுநாள் நிற்கும். நுரைப்பஞ்சாயின் நம் நாட்டுப் புழுக்கத்தில் பத்து, பதினைந்தாண்டில் இற்றுப் பொடியாகும். விரலாற் சிறிது தொட்டால் தெரிந்துவிடும். இற்றிருப்பின் வெறுக்க வேண்டா. புதிய விளிம்பொட்டுவோர் உளர், அக்கூலியை விலையிற் கழித்துக் கேட்க. பின்னர்க் கூம்பை இரு பெருவிரல்களாலும் ஒருசேர மெல்ல அழுத்துக. உள்ளே உரசும் ஓசை கேட்டால் சுருள் கோணியுள்ளது, அதனைத் தொடாதீர். டுவீட்டர் உயிரோடிருக்கின்றதா என்று காதை அருகே கொண்டு சென்று கேளுங்கள். அஃது அவிந்துபோன ஸ்பீக்கரும் மேலெழுந்தவாரியாகக் கேட்போர்க்கு இனிதாகவே ஒலிக்கும். பழைய ஆம்பிளிபையரில் ஒலித்திருகியைத் திருப்புங்கால் கரகரப்புத் தோன்றின் அது சிறு குற்றம், துடைத்தாற் போம். பாட்டில்லாதபோதும் ‘உம்’மென்று ஓயாது முனகின் கெபாசிட்டர்கள் மூப்படைந்துள்ளன என்க. செருகியைப் பிடுங்கிய பின்னரும் அவற்றுள் மின்சாரம் தங்கியிருக்கும். பழகாதார் மூடியைத் திறத்தல் கூடாது.

கம்பியைப் பற்றிப் பெருங்கதைகள் வழங்குகின்றன. அவற்றைச் செலவாக்காமற் கேட்டு மகிழலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, வீட்டு மின்வேலைக்கு விற்பது, மூன்று மீட்டர் நீளத்தில் போக்கும் வரவுமாக 0.07 ஓம் தடையே தரும். 8 ஓம் ஸ்பீக்கரின் முன் இஃது நூற்றில் ஒரு பங்கும் அன்று. மின்சாமான் கடையிலேயே வாங்குக. இணைப்பு முனைகள் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிற் சில்லறையாகக் கிட்டும். ஆனால் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் பிணைத்தலில் மட்டும் கருத்தூன்றுக. ஒருபுறம் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன் செல்ல மற்றது பின் செல்லும். ஆழ்ந்த நாதம் ஒன்றையொன்று அழித்துத் தேயும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் அறையெங்கும் அலைவார். ஸ்பீக்கர்களைப் பழித்துக் கடைக்குத் திருப்புமுன் இப்பிணைப்பை ஒருமுறை பார்த்தல் நன்று.

பாட்டைத் தருவதற்குக் கையிலுள்ள தொலைபேசியோ கணினியோ போதும். 1982-இல் வந்த குறுந்தட்டின் இலக்கணமாகிய நொடிக்கு 44,100 மாதிரிகளும் 16 பிட்டுகளும் மனிதச் செவியின் எல்லையாகிய 20,000 அதிர்வுகளையும் 96 டெசிபல் வீச்சையும் அடக்கும். எண்ணை ஓசையாக்கும் சிறு ‘டாக்’ கருவி ஒன்றைச் செருகினால் குறை நீங்கும். கறுப்பு இசைத்தட்டின்மேல் இந்நாளில் மீண்டும் பலர்க்குக் காதல் பிறந்துள்ளது. அழகிய காதலே, ஆயின் சுழலி, முள், அதற்கெனத் தனிப்பெருக்கி, தட்டுக்கள் என அதன் குடும்பம் பெரிது. சம்பாத்தியம் வந்தபின் மணந்துகொள்ளலாம்.

எஞ்சிய ஒரு கூற்றுப் பணம் செய்யும் நன்மையே வியக்கத்தக்கது. சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் உடைய வெற்றறையில் எத்துணை உயர்ந்த ஸ்பீக்கரும் கிணற்றுள் வீழ்ந்தவன்போற் கூவும். கைகொட்டிப் பாருங்கள், சுவர்கள் சலசலவென மறுமொழி கூறும். தரையில் தடித்த ஜமுக்காளம், சன்னலிற் கனத்த திரை, பக்கச் சுவரிற் புத்தக அடுக்கு இவை உயர்ந்த ஓசைகளின் எதிரொலியைத் தணிக்கும். சுருட்டிய இலவம்பஞ்சு மெத்தையை அறை மூலையில் நிறுத்தினால், பகலில் அதற்கும் ஒரு தொழில் உண்டாம்.

தாழ்ந்த ஓசையைத் துணியால் அடக்கல் இயலாது. இடமறிந்து அமர்தலே வழி. ஓசை நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். நான்கு மீட்டர் நீள அறையில் 43 அதிர்வுடைய சுரம் சுவர்க்குச் சுவர் நிலைத்து நிற்கும். மூன்று மீட்டர் அகலத்தில் 57. மிருதங்கத்தின் தொப்பி ஓசை சில அறைகளில் மட்டும் மிதமிஞ்சி உறுமுவது இதனால். சுவரோரம் அமர்ந்தால் அவ்வுறுமல் மிகும். சரிநடுவில் அமர்ந்தால் அச்சுரமே மறையும். ஆகவே நீளத்தில் ஐந்திலிரு பங்கு தூரத்தில் இருக்கையை இடுக. ஸ்பீக்கர் இரண்டும் கேட்போர் தலையும் சமபக்க முக்கோணமாகட்டும். டுவீட்டர் காதின் மட்டத்தில் நிற்கட்டும். பின்சுவரினின்றும் ஒன்றிரண்டு அடியேனும் விலக்குக. விலையுயர்ந்த தாங்கிகள் எதற்கு? செங்கல் அடுக்கி, மேலே மடித்த சாக்கோ ரப்பர்த் துண்டோ இட்டால் அமையும். விடுதிக் காவலர் செங்கல்லைக் கண்டு வினவுவார். விடை கூறிக்கொள்ளும் பொறுப்பு மாணவருடையது.

கடையிற் சோதிக்கும் முறை ஒன்று. இரண்டு கருவிகளை ஒப்பிடுங்கால் சற்று உரக்க ஒலிப்பதே நல்லதென்று செவி மயங்கும்; அறிந்த வணிகர் விலைமிக்கதை ஓரிழை கூட்டி வைப்பார். ஒலியைச் சமமாக்கச் சொல்லிப் பின்னர்க் கேட்க. எதிர்பார்ப்பும் செவியை மயக்கும். எடிசன் கம்பெனியார் 1915 முதல் மேடையிற் பாடகியையும் பாட்டு யந்திரத்தையும் மாற்றி மாற்றி ஒலிப்பித்து, விளக்கையும் அணைத்துக் காட்டியபோது, வேற்றுமை தெரியவில்லையென்று கூட்டத்தார் வியந்தனர். இன்று அத்தட்டைக் கேட்போர் நகைப்பர். யந்திரத்தோடு ஒத்திருக்கத் தம் குரலை அமைத்துக்கொண்டு பாடியோரும் அவருள் இருந்தனர் என்பது பின்னர் வெளியாயிற்று. எனவே கடைக்காரர் வைத்திருக்கும் பளபளப்பான பாட்டை விலக்கி, தாம் நூறுமுறை கேட்டதையே எடுத்துச் செல்க. தம்புராவின் நாதம் அறாது ஓடுகின்றதா, வயலினின் வில் நரம்பைத் தொடும் உராய்வு முள்ளாய்க் குத்தாது தெரிகின்றதா என்று நோக்குக. இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’ போன்ற வாத்தியப் பதிவு, கருவிகள் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்பதைக் காட்டும். எல்லாவற்றினும் சிறந்தது, நாம் நன்கறிந்த ஒருவர் பேச்சைப் பதிந்து கொண்டுபோய்க் கேட்டல். நம் தாயின் குரலை மூக்காற் பேச வைக்கும் ஸ்பீக்கர், எப்பாடகரையும் விட்டுவைக்காது.

அண்டை அறையாரும் நம் செவியும் ஒருங்கே காக்கப்பட வேண்டியன. வாரத்தில் 40 மணி நேரம் கேட்போர்க்கு 80 டெசிபல் எல்லையென உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்தது. 3 டெசிபல் ஏறுந்தோறும் காலம் பாதியாகச் சுருங்கும். செவியினுள்ளே ஓசையை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் மனிதர்க்கு ஒருமுறை அழிந்தால் மீள முளைப்பதில்லை. ஒலி அளவைக் காட்டும் செயலி தொலைபேசியில் இலவசமாகக் கிட்டும். முற்றும் துல்லியமன்றாயினும் எச்சரிக்கைக்குப் போதும். தேர்வுக் காலத்து இரவுகளிற் காதிலணியும் ஹெட்போனுக்கு மாறுவதே விடுதியில் நட்பை நிலைநிறுத்தும். அதற்கும் இவ்வெல்லையே பொருந்தும்.

முழுத்தொகையும் ஒருங்கே இல்லாதார் கடன்பட வேண்டா. முதலில் நல்ல ஸ்பீக்கர்ச் சோடியைப் பழையதாக வாங்குக. ஆம்பிளிபையரைச் சில திங்கள் நண்பரிடம் இரவல் பெறலாம். டாக் கருவி அடுத்த விடுமுறைக்குப்பின் வரலாம். மலிவான முழுத்தொகுதியை இன்று வாங்கி மறுஆண்டு எறிவதினும் இது சிக்கனமானது. வாங்கிய பெட்டிகளின் அட்டையையும் நுரைத்துண்டுகளையும் கட்டிலுக்கடியிற் பத்திரப்படுத்துக. மூன்றாண்டு கழிந்து, மூட்டை முடிச்சுக்களோடு பேருந்தின் மேற்றட்டில் ஊருக்கு ஏற்றும் நாளில் அவையின்றி ஸ்பீக்கர் பிழைத்துச் செல்லாது. விற்க நேரினும் அட்டைப்பெட்டியோடு கூடிய சோடிக்கு விலை சற்றுக் கூடவே கிடைக்கும்.